ட்ரோன் டெலிமெட்ரி லிங்க் நடுவானில் அறுந்து போகாமலிருக்க ரேடியோவை அமைப்பது எப்படி: பெங்களூரில் பறக்கவிடுபவர்களுக்கு

போன மாதம் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தம்பி தேடி வந்தார். கடைசி வருட இன்ஜினியரிங், புராஜெக்ட்டுக்காக ஒரு குவாட் (நாலு விசிறி ட்ரோன்) கட்டியிருக்கிறார். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 915 மெகாஹெர்ட்ஸ் டெலிமெட்ரி செட் (ட்ரோனின் நிலையைத் தரைக்குச் சொல்லும் ரேடியோ ஜோடி), ஆர்டுபைலட் என்ற மென்பொருள் ஓடும் ஃபிளைட் கன்ட்ரோலர் (ட்ரோனை ஓட்டும் போர்டு), ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, கேமரா எல்லாம் சேர்த்து நன்றாகவே கட்டியிருந்தார். "அண்ணே, முந்நூறு மீட்டர் போனாலே லிங்க் கட் ஆகுது, பவர் ஏற்கெனவே முழுசா வச்சிருக்கேன், பெரிய ரேடியோ வாங்கணுமா?" என்று கேட்டார்.

பெரிய ரேடியோ வாங்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட எல்லாருமே இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். லிங்க் நிற்பதும் அறுவதும் பவரால் மட்டும் தீர்மானமாவதில்லை, சிக்னல் இரைச்சலுக்கு மேலே எத்தனை டெசிபல் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அந்த இடைவெளியை மார்ஜின் என்போம். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு வேலையும் ஒன்று சிக்னலை ஏற்றும், இல்லை இரைச்சலை இறக்கும், இல்லாவிட்டால் குறைந்த மார்ஜினிலும் தாக்குப்பிடிக்க வைக்கும். இங்கே பேசுவது சிக் என்ற ஃபர்ம்வேர் (ரேடியோவுக்குள் இருக்கும் மென்பொருள்) ஓடும் ரேடியோக்களைப் பற்றி. சின்ன 100 மில்லிவாட் செட்டும் 1 வாட் ஆர்.எஃப்.டி. வகையும் இரண்டுமே இதில் அடங்கும்.

முதலில் அலைவரிசை

மற்ற வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான். கடைகளில் அதிகம் கிடைப்பது 433, 915 என்ற இரண்டு வகை. இரண்டுமே நம் ஊரில் ட்ரோனுக்கு ஒத்துவராது. 433-இல் உரிமம் இல்லாத அனுமதி வீட்டுக்குள் பயன்படும், 10 மில்லிவாட் அளவுள்ள மிகச் சின்ன கருவிகளுக்கு மட்டும்தான். போதாததற்கு கார் சாவி, கேட் ரிமோட் எல்லாம் அங்கேதான் கத்திக்கொண்டிருக்கின்றன. 915 அமெரிக்காவுக்கான பேண்ட். இந்தியாவில் 890 முதல் 915 வரை செல்போன்கள் டவருக்கு அனுப்பும் பகுதி, 935 முதல் 960 வரை டவர் நமக்கு அனுப்பும் பகுதி, நடுவில் சிக்கிக்கொள்ளும் ரேடியோவுக்கு உரிமமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

நமக்கென்று இருப்பது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை. 2005-இல் வந்த விதிப்படி (2021-இல் இது 868 வரை நீண்டது, நாம் 867-க்குள்ளேயே நிற்போம்) இங்கே உரிமம் தேவையில்லை: டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டுக்குள், ஆன்டெனாவையும் சேர்த்து 4 வாட்டுக்குள், ஒரு கேரியரின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள். 868 வகை ரேடியோ வாங்கி இந்த எல்லைக்குள் அமைத்துக்கொள்ளலாம், ஆர்.எஃப்.டி. 868எக்ஸ் போன்றவை 865-லிருந்தே வேலை செய்யும். வாங்கும்போது ஈ.டி.ஏ. சான்று (வயர்லெஸ் கருவிக்கான அரசு ஒப்புதல்) இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் "915-ஐயே 866-க்கு மாத்திக்கலாம் சார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரேடியோவின் உள்ளே இருக்கும் ஃபில்டரும் மேட்சிங்கும் 915-க்கானவை, சாஃப்ட்வேரில் எண்ணை மாற்றினால் அவை மாறாது.

இந்த 865-867-இல் வேறு யாரும் இல்லையா? இருக்கிறார்கள். டோல் கேட்டில் ஃபாஸ்டேக் படிக்கும் ரீடர்கள் இதே இடத்தில்தான் இயங்குகின்றன. அபார்ட்மென்ட் வாசலில் கார் ஸ்டிக்கரைப் படிக்கும் நீண்ட தூர ரீடர்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி டோல் பக்கத்துக் காலி நிலம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ரேடியோவுக்கு அது சந்தைக்கடை. 869-லிருந்து 894 வரை 850 பேண்டின் 4ஜி டவர்கள் அனுப்புகின்றன, அதாவது நம் பேண்டின் மேல் முனையிலிருந்து இரண்டே மெகாஹெர்ட்ஸ் தள்ளி, பல வாட் சக்தியில். டவருக்குக் கீழே நின்று பறக்கவிட்டால் உங்கள் ரேடியோவின் காது அடைத்துப்போகும், இரைச்சல் எண்ணிலேயே அது தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெங்களூரில் தேவனஹள்ளி, எச்.ஏ.எல்., எலஹங்கா, ஜக்கூர் என்று நாலு பக்கமும் விமான தளங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி எந்த இடம் பச்சை, எது மஞ்சள், எது சிவப்பு என்று அதிகாரப்பூர்வ வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். நாங்கள் மாலூர் தாண்டி, கோலார் பக்கம் போவதுதான் வழக்கம்.

ஆன்டெனாவும் கம்பியும்

ரேடியோவுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் ஆன்டெனாவை மாட்டுங்கள், எப்போதும். ஆன்டெனா இல்லாமல் அனுப்பினால் வெளியே போக வேண்டிய சக்தி திரும்பி வந்து பவர் ஆம்ப்ளிஃபயரைக் கெடுக்கும், அப்புறம் அந்த ரேடியோ நூறு மீட்டரைத் தாண்டாது, வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

மாட்டும்போது இணைப்பின் நடுவைப் பாருங்கள். எஸ்.எம்.ஏ., ரிவர்ஸ் எஸ்.எம்.ஏ. என்று இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும், ஆனால் தப்பான ஜோடியில் நடு ஊசி தொடாது. இரண்டு பக்கமும் ஊசி இருந்தாலோ இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தாலோ தப்பு. இது ஒன்றாலேயே வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

866 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 34.6 சென்டிமீட்டர், கால் அலை ஆன்டெனாவின் கம்பி எட்டரை சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கும். செட்டோடு வந்தது 17 சென்டிமீட்டர் என்றால் அது 433-க்கானதாக இருக்கலாம், கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் ஆன்டெனா செங்குத்தாக நிற்க வேண்டும். ஒன்று நின்று, மற்றொன்று படுத்திருந்தால் 20 டெசிபல்கூடப் போய்விடும், அது தூரத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைவதற்குச் சமம். குச்சி ஆன்டெனாவின் நுனி நோக்கும் திசையில் சிக்னல் மிகக் குறைவு, அதனால் ட்ரோனை நோக்கி ஆன்டெனாவைத் துப்பாக்கி மாதிரி நீட்டாதீர்கள், பக்கவாட்டுத்தான் பார்க்க வேண்டும். ட்ரோனில் ஆன்டெனா ஃபிரேமுக்குக் கீழே தொங்கட்டும், கார்பன் ஃபைபர் தகட்டுக்கு மேலேயோ ஃபிரேமின் கையோடு ஒட்டியோ வேண்டாம், கார்பன் அலையை மறைத்துவிடும். பேட்டரியையும் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கம்பிகளையும் விட்டு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

தரையில் இருக்கும் ரேடியோவை லேப்டாப்பில் நேராகச் செருகுவதை விட்டுவிடுங்கள். ஒரு கம்பத்தில், இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் ரேடியோவையே கட்டி, அதிலிருந்து யுஎஸ்பி கம்பியைக் கீழே கொண்டுவாருங்கள். ஆன்டெனா கம்பியை நீட்டினால் மெல்லிய கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் தின்றுவிடும், யுஎஸ்பி கம்பியில் அந்த இழப்பு இல்லை. உயரம் ஏன் என்றால், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவழியில் சுமார் 9 மீட்டர் ஆரத்துக்குத் தடையில்லாத வெளி வேண்டும். கண்ணுக்கு ட்ரோன் தெரிகிறது, அது போதும் என்று நினைக்கக் கூடாது. கோலார் பக்கத்துத் தைல மரத் தோப்புகள், அதுவும் மழை பெய்து இலை நனைந்திருக்கும்போது, சிக்னலை நன்றாக உறிஞ்சும்.

கம்பி இணைப்பு எளிது: ரேடியோவின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) ஃபிளைட் கன்ட்ரோலரின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் முனை), ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு, 5 வோல்ட், கிரவுண்ட், கூடவே தரவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் (ஃப்ளோ கன்ட்ரோல்) சிடிஎஸ், ஆர்டிஎஸ் இரண்டும். 1 வாட் ரேடியோ என்றால் டெலிமெட்ரி போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். முழு பவரில் அனுப்பும் நொடியில் 1 ஆம்பியர் வரை இழுக்கும், தனி 5 வோல்ட் ரெகுலேட்டர் கொடுங்கள்.

ரேடியோவுக்குள் என்ன எழுத வேண்டும்

இரண்டு ரேடியோவிலும் ஒரே பதிப்பு ஃபர்ம்வேர் இருக்கட்டும். மிஷன் பிளானர் என்ற தரை மென்பொருளில் செட்டப், ஆப்ஷனல் ஹார்ட்வேர், சிக் ரேடியோ என்று போங்கள். காம் போர்ட்டையும் 57600-ஐயும் தேர்ந்தெடுத்துவிட்டு, மேலே இருக்கும் கனெக்ட் பட்டனை அழுத்தாமல் லோட் செட்டிங்ஸ் அழுத்த வேண்டும், கனெக்ட் செய்துவிட்டால் இது வேலை செய்யாது. இரண்டு பக்கமும் பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் இணைந்துவிட்டன, பச்சை மினுக்கினால் இன்னும் தேடுகின்றன, சிவப்பு மினுக்கினால் தரவு போகிறது.

அலைவரிசை எல்லையில் தொடங்குவோம், ரேடியோ இந்த எல்லைக்குள் சேனல் சேனலாகத் தாவிக்கொண்டே இருக்கும். கீழ் எல்லை 865000, மேல் எல்லை 867000. சேனல் எண்ணிக்கையை இருப்பது போலவே 50 என்று விட்டுவிடாதீர்கள். 915 பேண்டில் 13 மெகாஹெர்ட்ஸ் இடம் இருந்ததற்காக வைத்த எண் அது, நாம் எடுத்துக்கொள்வது 2 மெகாஹெர்ட்ஸ். ஃபர்ம்வேர் மொத்த அகலத்தை, சேனல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுக்கிறது. 8 என்று வைத்தால் 2000-ஐ 10-ஆல் வகுத்து 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி சரியாக வருகிறது. 50 வைத்தால் 40 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு, அடுத்தடுத்த சேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், தாவித் தாவிப் போவதில் பயனே இருக்காது.

நெட் ஐடியை 25 என்ற இயல்பு எண்ணிலேயே விடாதீர்கள். தாவும் வரிசையை முடிவு செய்வது இந்த எண்தான், பக்கத்து மைதானத்தில் இன்னொருவரும் 25 வைத்திருந்தால் இரண்டு செட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். உங்களுக்கென்று ஓர் எண் வைத்து, ரேடியோ மேல் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். சீரியல் வேகம் 57, மேவ்லிங்க் (ட்ரோனும் தரையும் பேசிக்கொள்ளும் செய்தி வடிவம்) 1, டூட்டி சைக்கிள் 100, ஆப்பரிசென்ட் 0, மேக்ஸ் விண்டோ 131. தரையிலிருந்து ஜாய்ஸ்டிக்கில் ஓட்டுபவர்களுக்கு மட்டும் மேவ்லிங்க் 2, விண்டோ 33.

இனி, என் கருத்தில் மிக முக்கியமான இரண்டு எண்கள்: ஏர் ஸ்பீடும் ஈசிசியும் (பிழை திருத்தும் வசதி). இயல்பாக ஏர் ஸ்பீட் 64, அதாவது வானில் நொடிக்கு 64 கிலோபிட், 8000 பைட்டு. அந்த 8000-ஐ ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் நேரம் பிரித்துப் பங்குபோட்டுக்கொள்கின்றன, அதில் கொஞ்சம் நிர்வாகச் செலவுக்கும் போகும். ஈசிசியை இயக்கினால் ஒவ்வொரு 12 பிட்டும் 24 பிட்டாகப் போகும், அதில் 3 பிட் வரை பிழை இருந்தாலும் திருத்திவிடும், ஆனால் கொள்ளளவு பாதியாகும். வேகத்தைப் பாதியாக்கினால் ரிசீவரின் காது 3 டெசிபல் அளவு கூர்மையாகும், தூரம் சுமார் 40 சதவீதம் கூடும். செலவே இல்லாமல், பேட்டரி கூடுதலாகக் காயாமல் கிடைக்கும் 40 சதவீதம் இது, பவரை இரட்டிப்பாக்கினாலும் இவ்வளவுதான் கிடைக்கும்.

நமக்கு எவ்வளவு தரவு வேண்டும்? ட்ரோனின் சாய்வைச் சொல்லும் ஒரு செய்தி சுமார் 40 பைட்டு, நொடிக்கு 4 முறை என்றால் 160 பைட்டு. இடம், வேகம், பேட்டரி, ஜிபிஎஸ் எல்லாம் கூட்டினாலும் நொடிக்கு 2 முறை அனுப்பினால் ஆயிரம் பைட்டைச் சுற்றித்தான் வரும். ஆக, ரேடியோவின் பட்டியலில் இருந்தால், ஏர் ஸ்பீட் 32-க்கு இறங்கலாம், தாராளமாகப் போதும். ஈசிசியையும் போட வேண்டுமென்றால் 64-இல் வைத்துப் போடுங்கள், 32-இல் ஈசிசி வைத்தால் ரொம்ப நெருக்கடி. தொலைவு வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது 32, ஈசிசி இல்லாமல். ஊருக்குள் இரைச்சல் நடுவே, குறைந்த தூரம் என்றால் 64, ஈசிசியோடு. 128-க்கோ அதற்கு மேலேயோ போக வேண்டாம், 200 கிலோஹெர்ட்ஸ் கேரியருக்குள் அடங்காமல் போகலாம்.

பவர் எண் 20 என்றால் 100 மில்லிவாட், 30 என்றால் 1 வாட். 30 வைத்து 6 டெசிபல் ஆன்டெனா மாட்டினால் சரியாக 4 வாட் எல்லையைத் தொடுகிறீர்கள், அதற்கு மேல் போகாதீர்கள். எல்லாம் எழுதி முடித்ததும் 'காப்பி ரிக்வயர்ட் டு ரிமோட்' அழுத்தி, பிறகு 'சேவ் செட்டிங்ஸ்' அழுத்தி மறுமுனைக்கும் அனுப்புங்கள். ஏடி கட்டளையில் (ரேடியோவுக்கு எழுத்தில் கொடுக்கும் கட்டளை) செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆர்டி என்று தொடங்கும் கட்டளைகளால் தூரத்து ரேடியோவை முதலில் மாற்றிச் சேமித்து ரீபூட் செய்துவிட்டு, அப்புறம்தான் கையில் இருக்கும் ரேடியோவை மாற்ற வேண்டும். தலைகீழாகச் செய்தால் இரண்டும் வேறு வேறு மொழி பேசும், ட்ரோனைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஃபிளைட் கன்ட்ரோலர் பக்கம்

டெலிம் 1 போர்ட்டில் மாட்டியிருந்தால் சீரியல் 1 பாட் 57, புரோட்டோகால் 2. ஃப்ளோ கன்ட்ரோல் கம்பி இரண்டும் மாட்டியிருந்தால் ஆர்டிஎஸ் சிடிஎஸ் அமைப்பைத் தானியங்கியில் விடுங்கள், ரேடியோவிலும் ஆர்டிஎஸ்சிடிஎஸ் 1 ஆக்குங்கள். ஸ்ட்ரீம் வேகங்களை (தரவை நொடிக்கு எத்தனை முறை அனுப்புவது என்பதை) மிஷன் பிளானரின் பிளானர் பக்கத்தில் 2-க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் நீங்கள் போர்டில் எழுதிய எண்ணை மிஷன் பிளானர் இணையும்போதே மாற்றிவிடும். இது பலருக்குத் தெரியாது.

இரைச்சலை அளப்பது

இங்கே நேரம் செலவழியுங்கள். மிஷன் பிளானரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்எஸ்எஸ்ஐ, ரெம்ஆர்எஸ்எஸ்ஐ, நாய்ஸ், ரெம்நாய்ஸ் என்று நான்கு எண்கள் இருக்கும். ஆர்எஸ்எஸ்ஐ என்பது சிக்னல், நாய்ஸ் என்பது இரைச்சல், இரண்டும் தரை ரேடியோ கேட்பவை, ரெம் என்று தொடங்குபவை ட்ரோனில் இருக்கும் ரேடியோ கேட்பவை. எண்ணை 1.9-ஆல் வகுத்து 127 கழித்தால் டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) கிடைக்கும். 100 என்றால் சுமார் மைனஸ் 74. மார்ஜின் தெரிய இந்தக் கணக்குகூட வேண்டாம், சிக்னலிலிருந்து இரைச்சலைக் கழித்து 1.9-ஆல் வகுங்கள், அதுதான் டெசிபல்.

அந்தத் தம்பியின் ட்ரோனில் முந்நூறு மீட்டரில் ரெம்ஆர்எஸ்எஸ்ஐ 105, ரெம்நாய்ஸ் 92. வித்தியாசம் 13, அதாவது 7 டெசிபல்கூட இல்லை. தரைப் பக்கத்தில் இரைச்சல் வெறும் 48. அதாவது வில்லன் ஊரில் இல்லை, ட்ரோனிலேயே உட்கார்ந்திருக்கிறான். மேசையில் வைத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ஃபிளைட் கன்ட்ரோலரும் ரேடியோவும் மட்டும் இயக்கிப் பார்த்தோம்: 50. ராஸ்பெர்ரி பைக்கான மலிவு பக் கன்வர்ட்டரை (வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சப்ளை) இயக்கியதும் 78. கேமரா கேபிளைச் செருகியதும் 90. கன்வர்ட்டரை மாற்றி, அதன் கம்பிகளில் ஃபெரைட் வளையம் போட்டு, கேமரா கேபிளைச் சுருக்கி, ரேடியோவை ஃபிரேமின் மறுகைக்குக் கொண்டுபோனோம், 52-க்கு இறங்கியது. படுத்திருந்த ஆன்டெனாவை நிமிர்த்தி, செட்டையும் 868 வகையாக மாற்றி 866-இல் வைத்த பிறகு அதே முந்நூறு மீட்டரில் சிக்னல் 130-ஐத் தொட்டது. 7 டெசிபல் இருந்த இடத்தில் 41. ஒவ்வொரு 6 டெசிபலும் தூரத்தை இரட்டிப்பாக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று தம்பி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றாக இயக்கி அளப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. மோட்டாரையும் மறக்காதீர்கள், புரொப்பெல்லர் இல்லாமல் சுழலவிட்டு எண்ணைப் பாருங்கள். இரண்டு பக்கமும் இரைச்சல் சேர்ந்து ஏறினால் வெளியிலிருந்து வருகிறது, இடத்தை மாற்றுங்கள்.

தரையிலேயே தூரச் சோதனை

ஒரு கிலோமீட்டர் வெளி கிடைக்கவில்லையா, பவரை 20-லிருந்து 2-க்கு இறக்குங்கள். 18 டெசிபல் குறைகிறது, அதாவது தூரம் எட்டில் ஒன்று. இப்போது 150 மீட்டரில் லிங்க் நின்றால் முழு பவரில் 1200 மீட்டர் நிற்கும் என்று கொள்ளலாம். நண்பர் ஒருவர் ட்ரோனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடக்கட்டும், புரொப்பெல்லர் இல்லாமல். அங்கங்கே நின்று ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். எந்தத் திசையில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கே கார்பனோ பேட்டரியோ ஆன்டெனாவை மறைக்கிறது. சோதனை முடிந்ததும் பவரைத் திரும்ப ஏற்ற மறக்காதீர்கள்.

போக நினைக்கும் அதிக தூரத்தில் மார்ஜின் 20 டெசிபல், அதாவது எண்ணில் 38 வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. 10 டெசிபலுக்குக் கீழே போனால் ட்ரோன் ஒரு திருப்பம் திரும்பினாலே அறும்.

அறுந்தால் என்ன ஆகும்

அப்படியும் ஒருநாள் அறும். ஃபிளைட் கன்ட்ரோலரில் எஃப்எஸ் ஜிசிஎஸ் எனேபிள் என்ற அமைப்பு 1 ஆக இருந்தால் தரையின் துடிப்பு 5 நொடி கேட்காவிட்டால் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். அப்படித் திரும்பும் உயரம் சுற்றியிருக்கும் மரம், டவர், மின்கம்பி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இதை வானில் முதல்முறையாகக் கண்டுபிடிக்காதீர்கள். புரொப்பெல்லரைக் கழற்றி, லோய்ட்டர் (ஒரே இடத்தில் நிற்கும்) மோடில் ஆர்ம் செய்து (மோட்டார் சுழலத் தயாராக்கி), த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி, தரை ரேடியோவின் யுஎஸ்பியைப் பிடுங்குங்கள். ட்ரோன் தரையில் இருப்பதாக நினைத்து டிஸ்ஆர்ம் ஆனாலும் சரி, மோடை மாற்றினாலும் சரி, ஃபெயில்சேஃப் (லிங்க் அறுந்தால் இயங்கும் பாதுகாப்பு) விழித்திருக்கிறது. ஒன்றுமே நடக்காவிட்டால் தரை நிலையத்தின் சிஸ்டம் ஐடி 255-தானா, ட்ரோனிலும் அதே எண் எதிர்பார்க்கப்படுகிறதா என்று சரிபாருங்கள்.

ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் லாக்கில் ராட் என்ற வரியைத் திறந்து, ஆர்எஸ்எஸ்ஐயையும் நாய்ஸையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ட்ரோனில் பதிவான லாக் என்பதால் இங்கே ரெம் என்பது தரைப் பக்கம், மிஷன் பிளானரில் பார்த்ததற்கு நேர் எதிர். ஆர்எக்ஸ் எரர் (வாங்கியதில் பிழை எண்ணிக்கை) ஏறும் நேரத்தில் எந்தக் கோடு நகர்ந்தது என்று பாருங்கள். சிக்னல் விழுந்திருந்தால் ஆன்டெனாவிலோ வழியில் நின்ற மரத்திலோ தேடுங்கள், இரைச்சல் ஏறியிருந்தால் அந்த நொடியில் ட்ரோனில் என்ன இயங்கியது என்று தேடுங்கள். டிஎக்ஸ்பஃப் (அனுப்பக் காத்திருக்கும் தரவுக்கு மீதமுள்ள இடம், சதவீதத்தில்) அடிக்கடி 50-க்குக் கீழே போனால் அனுப்பும் தரவு அதிகம், ஸ்ட்ரீம் வேகத்தை இன்னும் ஒரு படி இறக்கிவிட்டு அடுத்த பேட்டரியை மாட்டுங்கள்.